குளத்துக்கும் ஒரு பஞ்சாங்கம்

வீட்டுக் கொல்லையில் சிறு குளமோ, தோட்டத்து மூலையில் ஒரு சிமெண்டுத் தொட்டியோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மழை ஓய்ந்த புதிதில் செம்மண் கலங்கலாக இருக்கும் நீர் சில வாரங்களில் தெளிகிறது. அடித்தரை தெரிகிறது, தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாக நீந்துகின்றன. பின்னர், யாரும் எதையும் கொட்டாமலேயே நீரில் இளம்பச்சை நிறம் ஏறுகிறது. ஓரங்களில் வழுவழுப்பான பச்சை இழைகள் திரள்கின்றன. கோடை முற்றும்போது அந்த இழைகள் மறைந்து, பச்சைச் சாயத்தை ஊற்றியது போன்ற ஓர் ஆடை நீர்மேல் படர்கிறது. அடுத்த மழைக்கு மறுபடியும் கலங்கல், மறுபடியும் தெளிவு.

இந்த மாற்றங்கள் தாறுமாறாக நிகழ்வனவா? அல்லது இவற்றுக்கும் ஒரு முறை உண்டா? உண்டென்றால் அம்முறையை வகுப்பது எது? வெயிலா, காற்றா, நீரில் கரைந்துள்ள உப்புக்களா, அதில் வாழும் பிராணிகளா?

நீரின் பச்சை நிறம் பருவத்துக்குப் பருவம் மாறுவதை நுண்ணோக்கியின் துணைகொண்டு ஆராய்ந்த கடிதம் ஒன்று 1674-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அந்தப் பச்சையைத் தூண்டிவிடும் பொருள் எது என்பதற்கு ஐயமற்ற சான்று 1974-ஆம் ஆண்டில் அச்சேறியது. இடைப்பட்ட 300 ஆண்டுகளில் ஒரு துணி வணிகர், ஒரு பாதிரியார், ஒரு வானியல் அறிஞர், 26 வயதில் மறைந்த ஓர் இளைஞர் எனப் பலர் குளத்தின் பஞ்சாங்கத்தை ஒவ்வோர் ஏடாகப் புரட்டிப் படித்தார்கள். நம் ஊர்க் குளங்கள் பலவற்றுக்கு இன்று நேர்ந்திருப்பதைப் புரிந்துகொள்ள அந்த வரலாறு நமக்கு உதவும்.

துணி வணிகரின் கண்ணாடிக் குப்பி

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்தவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். டச்சு மொழி ஒன்றே அறிந்தவர். ஆயினும் அவர் தம் கையாலேயே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லை நுண்ணோக்கிகள் அக்காலத்துக் கருவிகள் பலவற்றை விஞ்சி நின்றன. இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று பொருள்களை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

டெல்ஃப்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் பெர்கெல் ஏரி இருந்தது. குளிர்காலத்தில் அதன் நீர் மிகத் தெளிவாக இருக்கும். கோடையின் தொடக்கத்திலோ நடுவிலோ வெண்மை படர்ந்து, சிறுசிறு பச்சை மேகங்கள் அதில் மிதக்கும். அப்போது பெய்யும் பனித்துளியே இதற்குக் காரணம் என்று சுற்றுவட்டாரக் குடியானவர்கள் நம்பினார்கள். லீவன்ஹூக் ஒரு கண்ணாடிக் குப்பியில் அந்த நீரை முகந்துவந்து மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தார். தலைமயிரின் பருமனே உள்ள இழைகள். அவற்றுக்குள் சுருள் சுருளாக, ஒழுங்காகச் சுற்றப்பட்ட பச்சை நாடாக்கள்! சாராயம் வடிப்போர் பயன்படுத்தும் செம்புச் சுருள் குழாய்களுக்கு அவற்றை ஒப்பிட்டு, 1674 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் ராயல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் ஸ்பைரோகைரா என்று வரைந்து பழகும் பாசியே அது என்று இன்று கருதப்படுகிறது. அதே நீரில் விரைந்து ஓடும் நுண்ணுயிர்களையும் அவர் கண்டார்.

இக்கடிதத்தின் சிறப்பு நுண்ணுயிர்களைக் கண்டதில் மட்டும் இல்லை. குளிர்காலத்தில் தெளிவு, கோடையில் பச்சை என்ற கால வேறுபாட்டையும், அந்தப் பச்சை வானிலிருந்து விழுவதன்று, நீருக்குள்ளேயே காணப்படும் ஒரு பொருள் என்பதையும் அது ஒருங்கே பதிவு செய்தது.

பச்சைப் பொருளும் பிராணவாயுவும்

அந்தப் பச்சை அங்கே என்ன செய்கிறது? இதற்கு விடை வேதியியலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் பாதிரியாரும் வேதியியலாருமான ஜோசப் பிரீஸ்ட்லி 1770-களின் இறுதியில், தம் கண்ணாடிப் பாத்திரங்களின் சுவரில் தானாகப் படிந்த ஒரு பச்சைப் பொருளைக் கவனித்தார். வெயில் படும்போது அதிலிருந்து தூய பிராணவாயுக் குமிழிகள் எழுந்தன, இருளில் எழவில்லை. அது தாவரமா, பிராணியா, வேறேதேனும் பொருளா என்பதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. அது பாசி என்பது நமக்குத் தெரியும். 1779-இல் யான் இங்கன்ஹவுஸ் தாவரங்களின் பச்சைப் பகுதிகளே ஒளியில் இவ்வேலையைச் செய்கின்றன என்று பல சோதனைகளால் நிறுவினார்.

ஆகவே, குளம் பச்சையாவது என்பது வெறும் நிற மாற்றம் அன்று. ஒரு தொழிற்சாலை வேலை தொடங்குகிறது என்பதன் அறிகுறி அது. பகலில் அத்தொழிற்சாலை பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. பாசி அளவாக இருந்தால் இந்த வரவு செலவு சமன்படும். மிதமிஞ்சினால் விடியற்காலையில் நீரில் பிராணவாயு அற்றுப்போகும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வரவு செலவில் பற்று விழுந்துவிட்டது என்று பொருள்.

நான்கு டிகிரியின் மகிமை

பள்ளி இறுதி வகுப்பில் நீங்கள் ஹோப் சோதனையைப் படித்திருப்பீர்கள். உயரமான ஒரு ஜாடியில் நீர், நடுவில் உறைகலவை, மேலும் கீழும் வெப்பமானிகள். எடின்பரோவில் தாமஸ் சார்லஸ் ஹோப் 1805-இல் வெளியிட்ட இச்சோதனை, நீர் ஏறத்தாழ 4° செ. வெப்பநிலையில் உச்ச அடர்த்தி கொள்கிறது என்று காட்டியது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இந்த உண்மைதான் குளிர் நாட்டு ஏரிகளின் பஞ்சாங்கத்துக்கு அடிப்படை.

குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி 0° செ.; அடியில் நீர் 4° செ. வசந்தத்தில் பனி உருகி மேல் நீரும் 4°-ஐ எட்டுகிறது. அப்போது மேலும் கீழும் அடர்த்தி ஒன்றே. காற்று வீசினால் போதும், ஏரி முழுவதும் அடிமேலாகப் புரண்டு கலக்கிறது. அடியில் தங்கிய உப்புக்கள் மேலே வருகின்றன. மேலே ஒளியும் கூடுகிறது. உணவும் ஒளியும் ஒரே நேரத்தில் கிடைத்தால் பாசிகளுக்கு வேறென்ன வேண்டும்? வசந்தப் பெருக்கம் நிகழ்கிறது.

கோடையில் மேல் நீர் சூடாகி இலேசாகிறது. கனமான குளிர் நீரின் மேல் எண்ணெய் போல அது மிதக்கிறது. இரண்டுக்கும் இடையே வெப்பநிலை சட்டென்று மாறும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெண்டோட்டா ஏரியை ஆண்டு முழுவதும் அளந்துவந்த எட்வர்ட் பர்ஜ், 1890-களில் இதற்குத் தெர்மோக்ளைன் என்று பெயரிட்டார். அவர் முதலில் தேடியது வெப்பநிலையை அன்று. நீரில் வாழும் நுண்ணிய ஓட்டுப் பிராணிகளை. ஏரியின் ஆழத்தில் கோடையில் அவை ஏன் காணாமற்போகின்றன என்ற கேள்வியே அவரை வெப்பமானியிடமும், பின்னர் பிராணவாயு அளவீட்டிடமும் கொண்டு சேர்த்தது. அவரும் சான்சி ஜூடேயும் 1911-இல் வெளியிட்ட ஆய்வு, கோடை அடுக்கின் கீழே பிராணவாயு தீர்ந்துபோவதை விரிவாகக் காட்டியது.

ஒரு வெண்தட்டு

பச்சையின் அளவை எளிதில் எப்படி அளப்பது? இதற்கு உதவியவர் இத்தாலிய வானியல் அறிஞரும் ஏசு சபைத் துறவியுமான ஆஞ்செலோ செக்கி. 1865-இல் மத்தியதரைக் கடலில், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெண்தட்டுக்களைக் கயிற்றில் கட்டி இறக்கி, அவை எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று அவர் குறித்தார். 1899-இல் அமெரிக்கரான ஜார்ஜ் விப்பிள் தட்டைக் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து மேம்படுத்தினார். எண்ணற்ற விலையுயர்ந்த கருவிகள் வந்த பின்னும் செக்கி தட்டு ஓய்வுபெறவில்லை. ஏரிகளை ஆராயும் படகுகளில் இன்றும் அது இருக்கிறது.

இவ்வாறு துண்டு துண்டாகச் சேர்ந்த அறிவை ஒரு தனித் துறையாக்கியவர் ஸ்விட்சர்லாந்தின் ஃபிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபோரெல். ஜெனீவா ஏரி ஒன்றையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, 1892 முதல் 1904 வரை மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார். நன்னீர் நிலைகளின் இயலுக்கு லிம்னாலஜி என்ற பெயர் வழங்கலாயிற்று.

யாரை யார் உண்கிறார்கள்?

வெயிலும் வெப்பமும் மட்டுமே பஞ்சாங்கத்தை எழுதுகின்றனவா? இல்லை என்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் 1887-இல் வாதிட்டார். ஏரி என்பது தனக்குள் முழுமையான ஒரு சிற்றுலகம்; அதில் ஓர் உயிரைத் தொட்டால் மற்ற எல்லாவற்றையும் தொட்டதாகும் என்பது அவர் கருத்து.

இக்கருத்துக்கு எண்ணிக்கை வடிவம் தந்தவர் ரேமண்ட் லிண்டமன். மினசோட்டாவில் சீடர் பாக் என்னும் ஆழமற்ற சிற்றேரியை மனைவியுடன் சேர்ந்து ஐந்தாண்டுகள் ஆராய்ந்தார். பாசி எவ்வளவு சூரிய ஆற்றலைப் பிடிக்கிறது, அதைத் தின்னும் பிராணிகளுக்கு அதில் எவ்வளவு போகிறது, அவற்றைத் தின்னும் பிராணிகளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார். அவருடைய கட்டுரையை மதிப்பிட்ட இரு மூத்த அறிஞர்கள் ஏற்கவில்லை. அவர்களுள் ஒருவர் நாம் மேலே கண்ட ஜூடே. வெறும் கொள்கை மிகுதி, அளவீடு குறைவு என்பது அவர்களுடைய எதிர்ப்பு. ஜார்ஜ் ஈவ்லின் ஹட்சின்சன் பரிந்து பேசியதன் பேரில் பத்திரிகை ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். 1942 அக்டோபரில் கட்டுரை வெளிவந்தபோது லிண்டமன் உயிரோடு இல்லை. அவ்வாண்டு ஜூன் மாதமே நோயால் தம் 26 வயதில் காலமாகிவிட்டார். சூழலியல் பாடநூல்களில் நாம் காணும் ஆற்றல் பிரமிடுக்கு அந்தச் சிற்றேரியும் அவருடைய கட்டுரையும் வழிகோலின.

பிற்காலத்தில் பல ஏரிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, உல்ரிக் சோமரும் அவர் தோழர்களும் 1986-இல் மித வெப்ப நாட்டு ஏரிகளுக்கான ஓர் ஆண்டுக் கதையை 24 படிகளாக எழுதினார்கள். அதன் சாரம் இது: வசந்தத்தில் சிறிய, எளிதில் உண்ணத்தக்க பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு பெருகுகிறது. அது பாசியை வடிகட்டித் தின்று தீர்க்க, நீர் கண்ணாடி போலத் தெளிகிறது. உணவு தீர்ந்ததும் டாஃப்னியா பட்டினியாலும், மீன்குஞ்சுகளுக்கு இரையாகியும் குறைகிறது. பின்னர் உண்ணக் கடினமான பெரிய பாசிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் கோடையை ஆள்கின்றன. இலையுதிர் காலத்தில் நீர் மீண்டும் கலக்க, சிலிக்கா ஓடுடைய டயாட்டம் பாசிகள் வருகின்றன.

யாரும் துப்புரவு செய்யாமலே நீர் சில வாரங்கள் தெளிவதன் இரகசியம் இப்போது புரிகிறதல்லவா? கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒரு பிராணி செய்த துப்புரவு அது.

சுத்தியலும் தக்கையும்

கோடையை ஆளும் நீலப்பச்சைப் பாசிகள் இன்றைய வகைப்பாட்டில் சயனோபாக்டீரியா என்று பாக்டீரியாக்களோடு சேர்க்கப்படுகின்றன. இவற்றுள் பல நீரைவிடக் கனமான பொருள்களால் ஆனவை. அப்படியிருந்தும் எவ்வாறு மிதக்கின்றன? ஜெர்மானியத் தாவரவியலார் ஹைன்ரிக் கிளேபான் 1895-இல் இதற்கு ஓர் அழகிய சோதனை செய்தார். பாசி மிதக்கும் நீரை ஒரு புட்டியில் நிரப்பித் தக்கையால் மூடி, தக்கையைச் சுத்தியலால் ஓங்கித் தட்டினார். மிதந்துகொண்டிருந்த பாசி மெல்ல மூழ்கத் தொடங்கியது! நீரின் வழியே பரவிய அழுத்தம் அவற்றின் உள்ளேயிருந்த வாயு அறைகளை நசுக்கிவிட்டதே காரணம். 1965-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி, அந்த அறைகள் நுண்ணிய உருளைக் கூடுகளின் தொகுதி என்று காட்டியது.

ஆகவே, அடுக்கடுக்காக அசையாமல் நிற்கும் கோடை நீரில் மற்றப் பாசிகள் மூழ்கி இருளில் மடிய, இவை மட்டும் மேலெழுந்து ஒளியைத் தமதாக்கிக்கொள்கின்றன. காற்றில்லாத காலை வேளைகளில் நீர்மேல் ஆடை திரள்வது இதனால்தான்.

இந்த ஆடையில் சில வகைகள் நஞ்சு உடையவை. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இத்தகைய ஆடை படர்ந்த நீரைக் குடித்த ஆடுமாடுகள் மாண்டதை ஜார்ஜ் ஃபிரான்சிஸ் 1878-இல் அறிவித்தார். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசியின் நஞ்சு ஈரலைத் தாக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழிவதில்லை.

திரை கட்டிய ஏரி

1960-களில் வட அமெரிக்க, ஐரோப்பிய ஏரிகள் பல கோடைதோறும் பச்சைக் கூழாகின. யார் குற்றவாளி? சலவைத் தூள்களில் உள்ள பாஸ்பரஸ் என்றனர் சிலர். கார்பனே காரணம் என்றும், நைட்ரஜன் என்றும் வேறு சிலர் வாதிட்டனர். ஆய்வகக் குப்பிகளில் செய்த சோதனைகள் ஆளுக்கொரு விடை தந்தன.

கனடாவின் ஒண்டேரியோ மாநிலத்தில் ஏரிகளையே சோதனைக் குழாய்களாகக் கொண்ட ஓர் ஆய்வு நிலையம் 1968-இல் தொடங்கப்பட்டது. டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர், 226 என்ற எண்ணிட்ட ஏரியின் இடுங்கிய நடுப்பகுதியில் பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டி அதனை இரண்டாக்கினர். 1973-இல் ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறு பாதியில் அவற்றுடன் பாஸ்பரசும் இட்டனர். பாஸ்பரஸ் இட்ட பாதி நீலப்பச்சைப் பாசியால் மூடியது. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. விமானத்திலிருந்து எடுத்த புகைப்படம் 1974-இல் வெளிவந்த கட்டுரையோடு உலகெங்கும் பரவியது. சலவைத் தூள்களில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு நூறு வாதங்களைவிட அந்த ஒரு படம் வலுவூட்டியது. நைட்ரஜனுக்கும் இதில் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் கூறினாலும், ஏரி நீரில் பாஸ்பரசின் முதன்மை நிலைபெற்றுவிட்டது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் மார்ட்டிமர் 1941, 1942-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வின்படி, அடிச்சேற்றின் மேல் பிராணவாயு உள்ளவரை இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். பிராணவாயு தீர்ந்தால் பிடி தளரும். பாஸ்பேட் மீண்டும் நீரில் கலக்கும். அதாவது, பாசி மிதமிஞ்சிச் செத்து அடியில் அழுகும் குளம், தன் நோய்க்குத் தானே உணவிடுகிறது.

நம் ஊர்க் குளத்தின் பஞ்சாங்கம்

இதுவரை கண்டது பெரும்பாலும் பனி உறையும் நாடுகளின் பஞ்சாங்கம். நம் சமவெளிக் குளங்கள் 4°-ஐக் கனவிலும் காண்பதில்லை. வசந்தப் புரட்டல் இல்லை. இலையுதிர்ப் புரட்டல் இல்லை. அப்படியானால் அந்த இயற்பியல் இங்கே செல்லாதா?

செல்லும், ஆனால் வேறு விதமாக. ஒரு லிட்டர் நீர் 4°-லிருந்து 5°-க்குச் சூடானால் அதே கொள்ளளவில் 0.008 கிராம் அளவே எடை குறையும். 29°-லிருந்து 30°-க்குச் சூடானால் 0.3 கிராம் குறையும். அதாவது, அதே ஒரு டிகிரி வேறுபாடு இங்கே 35 மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தி வேறுபாட்டைத் தருகிறது. ஆகவே, முற்பகல் வெயிலில் மேல் நீர் ஓரிரு டிகிரி சூடானாலே நம் குளம் அடுக்குகளாகப் பிரிந்துவிடுகிறது. இரவில் மேல் நீர் குளிர்ந்து கனத்து இறங்க, விடியுமுன் கலந்துவிடுகிறது. மெண்டோட்டா ஏரி ஓராண்டில் நடத்தும் நாடகத்தை உங்கள் கொல்லைக் குளம் ஒரே நாளில் நடித்து முடிக்கிறது!

நம் குளத்தின் ஆண்டுப் பஞ்சாங்கத்தை எழுதுவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வண்டலையும் உப்புக்களையும் கொண்டுவருகிறது. கலங்கலில் ஒளி நுழையாததால் பாசி காத்திருக்கிறது. தவளைகள் முட்டையிடுகின்றன. மண் படிந்து நீர் தெளிந்ததும், பொதுவாக மார்கழியிலும் தையிலும், டயாட்டங்களும் பச்சை இழைப் பாசிகளும் நீர்ச்செடிகளும் தழைக்கின்றன. டாஃப்னியாவுக்கும் அதன் இனத்தாருக்கும் கொண்டாட்டம். தும்பியின் இளம்பருவப் புழுக்கள் தலைப்பிரட்டைகளை வேட்டையாடுகின்றன. முக்குளிப்பானும் மீன்கொத்தியும் மீனுக்கு வருகின்றன. பங்குனி, சித்திரையில் நீர் வற்றி உப்புக்கள் செறிய, நீலப்பச்சைப் பாசிகள் தலையெடுக்கின்றன. ஒடுங்கிய நீரில் தவிக்கும் மீன்களைத் தேடிக் கொக்குகள் கூடுகின்றன. பின்னர் குளம் காய்கிறது.

காய்ந்தால் எல்லாம் அழிந்ததா? இல்லை. நத்தை தன் வாயிலை மூடிக்கொண்டு சேற்றுக்குள் உறங்குகிறது. பாசிகள் தடித்த சுவருடைய உறங்கு வித்துக்களை விட்டுச் செல்கின்றன. டாஃப்னியா உறங்கு முட்டைகளை இடுகிறது. இதன் முதல் குறிப்பும் லீவன்ஹூக்குடையதே. 1702-இல் அவர் தம் வீட்டுக் கூரையின் ஈயக் கால்வாயில் காய்ந்து கிடந்த படிவில் நீர் ஊற்றியபோது, அதில் ரோட்டிஃபெர் என்னும் சக்கரப் பிராணிகள் மீண்டும் உயிர்த்து நீந்துவதைக் கண்டார்.

இந்தப் பஞ்சாங்கத்தைப் படிக்கவும் நம் நாட்டில் ஆட்கள் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. அய்யங்கார் பாசியியலை ஒரு துறையாகவே வளர்த்தார். ஈர நிலத்தில் வளரும் ஃபிரிட்சியெல்லா என்ற பாசியை 1932-இல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் அவர். எஸ். வி. கணபதி, சென்னை நகரின் தோட்டக் குளம் ஒன்றில் பருவந்தோறும் நிகழும் இயற்பியல், வேதியியல் மாற்றங்களை அளந்து 1941-இல் வெளியிட்டார். பம்பாயின் பாந்த்ராவில் ஒரு குளத்துப் பாசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையை கொன்சால்வெஸும் ஜோஷியும் 1946-இல் எழுதினர்.

கணபதி 1940-இல் எழுதிய மற்றொரு கட்டுரையின் தலைப்பே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருக்கும் ஒரு கோயில் குளத்தைப் பற்றியது அது. நிரந்தரமாக! பஞ்சாங்கம் கிழிந்துபோன குளம் அது.

நம் ஊர்களில் இன்று ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும் குளங்களை நாம் பார்க்கிறோம். "பாசி பிடிப்பது இயற்கைதானே" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். வந்து போகும் பாசி இயற்கை. வந்து தங்கிவிட்ட பாசி இயற்கையன்று. வரத்துக் கால்வாய் அடைபட்டால் மழைநீர் வந்து கழுவாது. சாக்கடையும் சோப்பு நீரும் கலந்தால் பாஸ்பரஸ் ஓயாது சேரும். அழுகும் சேறு அதை மீண்டும் மீண்டும் மேலே அனுப்பும். குளம் வற்றுவதும் இல்லை, தூர் எடுப்பதும் இல்லை.

நம் முன்னோர் கோடையில் குளத்து வண்டலை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். பாஸ்பரஸ் என்ற பெயரை அவர்கள் அறியார். ஆயினும் அவர்கள் செய்தது, நீரில் தொல்லை தரும் உரத்தை எடுத்து நிலத்தில் பயன்தர இட்டதேயாகும். வெயிலில் காய்ந்து வெடித்த அடித்தரையில் காற்றுப் புகுந்ததும் குளத்துக்கு நன்மையே.

நீங்களும் எழுதலாம்

இவ்வளவு வரலாற்றிலும் பொதுவாக உள்ள ஒன்றைக் கவனியுங்கள். பர்ஜும் ஃபோரெலும் லிண்டமனும் கணபதியும் ஒரே நீருக்கு மீண்டும் மீண்டும் சென்றார்கள். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து, நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் பூசுங்கள். நடுவில் துளையிட்டு, 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றைக் கட்டுங்கள். அடியில் ஒரு கல்லைக் கட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள், எப்போதும் அதே நேரத்தில், அதே இடத்தில், நிழலில் நின்று இறக்கித் தட்டு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். மேல் நீரின் வெப்பநிலையையும் அடி நீரின் வெப்பநிலையையும் விடியலில் ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். நிறம், இழைப் பாசி, தலைப்பிரட்டை, தும்பி, வந்த பறவைகள், பெய்த மழை ஆகியவற்றையும் எழுதுங்கள். நீர்மேல் பச்சை ஆடை தடித்திருந்தால் கையை விடாதீர்கள். ஆடுமாடுகளைக் குடிக்க விடாதீர்கள்.

ஓராண்டு எழுதினால் உங்கள் குளத்தின் பஞ்சாங்கம் ஒருவாறு தெரியும். மூன்றாண்டு எழுதினால், மழை பொய்த்த ஆண்டுக்கும் நிறைந்த ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். பக்கத்துத் தெருச் சாக்கடையைக் குளத்தில் திருப்பலாமா என்று ஊரில் பேச்சு எழும்போது, கையில் கணக்கோடு பேச உங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்.